அறிவிப்புப் பலகை முதல் நோட்டரி முத்திரை வரை: ஊராட்சி வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு

வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம் எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பணம் கையாடியதற்கோ லஞ்சம் வாங்கியதற்கோ இல்லை. ஒரு தாளை ஒரு நாள் தாமதமாகச் சுவரில் ஒட்டியதற்கு.

ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டிய கூட்டம். ஒட்டிய நாளையும் கூட்டம் நடந்த நாளையும் சேர்த்து விரல் விட்டு எண்ணி, ஏழு வந்துவிட்டது என்று நானே திருப்திப்பட்டுக்கொண்டேன். தீர்மானம் பிடிக்காத ஒரு தரப்பு அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டது. கூட்டத்தை மறுபடி நடத்தினோம், நான் மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். அது கீழே, சேலத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில். இப்போது ஏற்காடு மலைமேல் இருக்கிறேன். பதவிப் பெயர் ஊராட்சிச் செயலர், ஆனால் ஊர்க்காரர்கள் இன்னும் 'கிளார்க்கு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு முன்பிருந்தவர் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது, "ஃபைலப் பாத்துக்க தம்பி, எல்லாம் அதுல இருக்கு" என்றார். உண்மைதான், எல்லாம் இருந்தது. எப்போது ஒட்டினார்கள், யார் ஒட்டினார்கள், யார் பார்த்தார்கள் என்பது மட்டும் இல்லை. நம் வேலையில் அறிவிப்பை ஒட்டுவது பாதி வேலை. ஒட்டினோம் என்று ஆறு வருடம் கழித்தும் காட்ட முடிவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. எனவே இது.

1. கையில் இருப்பது எந்த அறிவிப்பு என்று முதலில் பாருங்கள்

எல்லாவற்றையும் 'நோட்டீஸ்' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் குழப்பம் வருகிறது. ஊருக்கே சொல்வது ஒன்று: கிராம சபை, குடிநீர் நிறுத்தம், பயனாளிகள் பட்டியல். போட்டிக்கு அழைப்பது இன்னொன்று: டெண்டர், ஏலம். ஒரு குறிப்பிட்ட ஆளுக்குக் கொடுப்பது மூன்றாவது: வரி கேட்பு, ஆக்கிரமிப்பு, விளக்கம் கோருதல். முதல் வகையில் ஊர் பார்த்ததா என்று கேட்பார்கள். இரண்டாவதில் எல்லோருக்கும் சமமான அவகாசம் கிடைத்ததா என்று கேட்பார்கள். மூன்றாவதில் அந்த ஆள் கைக்குப் போனதா என்று கேட்பார்கள். கேள்வி மாறுவதால் சான்றும் மாறும். ஆக்கிரமிப்பு நோட்டீஸைப் பலகையில் மட்டும் ஒட்டிவிட்டு வந்தால் அது மூன்றாவது கேள்விக்குப் பதில் ஆகாது.

2. நாள் எண்ணுதல்

நான் விழுந்த பள்ளம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள். இந்த இரண்டும் 2022இல் சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் ஏழு நாள் முன்னறிவிப்பு. ஏழு என்றால் ஒட்டிய நாளையும் விடுங்கள், கூட்ட நாளையும் விடுங்கள். நடுவில் முழுசாக ஏழு நாள் இருக்கட்டும். அப்படி எண்ணினால் எந்தத் தரப்பும் கேள்வி கேட்க முடியாது.

அந்தக் கணக்கில் கடைசித் தேதிகள் இவை. குடியரசு தினக் கூட்டத்துக்கு ஜனவரி 18. மார்ச் 22க்கு மார்ச் 14. மே தினத்துக்கு ஏப்ரல் 23. சுதந்திர தினத்துக்கு ஆகஸ்ட் 7. காந்தி ஜெயந்திக்கு செப்டம்பர் 24. நவம்பர் 1க்கு அக்டோபர் 24. இதை ஓர் அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஜனவரியில் பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று வரிசையாக விடுமுறை போகும். திரும்பி வந்து பார்த்தால் தேதி 18. அன்று கரண்ட் இல்லை, பிரிண்டரில் மை இல்லை என்றால் முடிந்தது கதை. போகிக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். சீக்கிரம் ஒட்டியதற்காக யாரும் குறிப்பாணை தர மாட்டார்கள். அக்டோபர் கடைசியில் தீபாவளி வரும் வருடங்களில் நவம்பர் கூட்டத்துக்கும் இதே நிலைமைதான்.

3. தாளில் என்ன இருக்க வேண்டும்

தேதி, கிழமை, நேரம், இடம், கூட்டப் பொருள், யார் கூட்டுகிறார், கையொப்பம், அலுவலக முத்திரை, ந.க. எண் என்கிற கோப்பு எண். இவ்வளவுதான். ஆனால் மூன்று இடத்தில் சறுக்குவார்கள்.

இடம். 'சமுதாயக் கூடத்தில்' என்று மட்டும் எழுதாதீர்கள். மலையில் ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட சமுதாயக் கூடங்கள் இருக்கலாம். குக்கிராமத்தின் பெயரை எழுதுங்கள்.

கூட்டுபவர். சேலம் மாவட்ட ஊராட்சிகளில் 2019இல் தேர்வான பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அதன்பின் பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. பழைய அறிவிப்பைக் கணினியில் திறந்து தேதியை மட்டும் மாற்றி அச்செடுத்தால், பதவியில் இல்லாத தலைவர் கூட்டம் கூட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும், அன்றைக்கு யார் பொறுப்பில் இருக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

மூன்றாவது, பயனாளிகள் பட்டியல். மேலே இருந்து வரும் எக்செல் கோப்பில் பெயருக்கு எதிரே ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். அதை அப்படியே அச்செடுத்துப் பலகையில் ஒட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டு பத்தியையும் நீக்கிவிட்டு, பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குக்கிராமம் மட்டும் விடுங்கள். ஒளிந்துகிடக்கும் பத்தி சில நேரம் அச்சில் எட்டிப்பார்க்கும். அச்செடுத்த தாளைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

4. எங்கே, எப்போது, எதால் ஒட்டுவது

ஊராட்சி அலுவலகப் பலகை கட்டாயம். அதோடு ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி, பேருந்து நிற்கும் இடம், கோயில் முன்புறம். மலைமேல் ஒட்டியிருப்பதைப் படிக்கும் நேரம் யாருக்கும் இல்லை. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் விடியும் முன்பே எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், இருட்டியபின்தான் வருவார்கள். நாகலூர்ப் பக்கமோ மாரமங்கலம் பக்கமோ காலை பதினோரு மணிக்கு ஒலிபெருக்கி வைத்துக் கத்தினால் நாயும் கோழியும் கேட்கும். மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் சொல்லுங்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

தண்டோரா வேண்டாம். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, அந்த வழக்கத்தை நிறுத்தி வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். பழைய படிவங்களில் 'தண்டோரா மூலம் தெரியப்படுத்தப்பட்டது' என்ற வரி இன்னும் கிடக்கிறது. அதை நகலெடுத்து அனுப்பினால், நடக்காத ஒன்றுக்கு நீங்கள் சான்று தருகிறீர்கள், அதுவும் நிறுத்தச் சொன்ன ஒன்றுக்கு.

பசை. சேலத்தில் மைதாப் பசை காய்ந்தால் சுவரோடு போகும். இங்கே பனியிலும் சாரலிலும் மூன்றாம் நாள் தாள் நழுவித் தரையில் கிடக்கும். ஒரு முறை ஏல அறிவிப்பு அப்படிப் போனது. ஏலத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் "நோட்டீஸே ஒட்டல" என்று மனு போட்டார். நான் ஒட்டியது உண்மை. அவர் போய்ப் பார்த்தபோது அங்கே தாள் இல்லை என்பதும் உண்மை. இப்போது லேமினேஷன் செய்து நான்கு மூலையிலும் ஆணி அடிக்கிறேன். ஏற்காடு கடைத்தெருவிலேயே செய்து தருகிறார்கள். இதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவும் பூட்டும் உள்ள பலகை ஒன்று அலுவலகத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

செலவு பெரியதல்ல, ஆனால் ரசீது இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புக்குப் போன முறை அரை நாளுக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். அந்த வவுச்சரில் எந்தெந்தக் குக்கிராமத்துக்கு எத்தனை மணிக்குப் போனது என்று ஓட்டுநரிடம் எழுதி வாங்கினேன். பணம் கொடுத்ததற்கான வவுச்சர், அறிவித்ததற்கான சான்றாகவும் ஆனது.

5. ஒட்டியதற்குச் சான்று

ஒட்டிய கையோடு செய்ய வேண்டியவை. மாலை வரை தள்ளினால் மறந்துபோகும்.

ஒரு வெள்ளைத்தாளில் இடம், தேதி, மணி எழுதி, ஒட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். கீழே உள்ளூர்க்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்து. ரேஷன் கடை விற்பனையாளர், அங்கன்வாடி டீச்சர் போன்றவர்கள் நல்லது, தேவைப்பட்டால் பிறகும் அதே இடத்தில் கிடைப்பார்கள். அலுவலக ஊழியர் இருவரையே சாட்சியாகப் போடுவது ஊரில் எடுபடாது.

அப்புறம் படம். தேதியும் இடமும் படத்திலேயே பதியும் கேமரா ஆப் இருக்கிறது. தாள் மட்டும் தெரியும்படி ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும்படி ஒரு படம். கிட்டத்திலிருந்து எடுத்தது எந்தச் சுவர் என்று யாருக்கும் தெரியாது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டம் 65பி என்பார்கள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63. எடுத்த கைபேசி யாருடையது, எடுத்தவர் யார் என்று அதில் எழுத வேண்டியிருக்கும். எனவே அந்த விவரத்தையும் ஒட்டிய சான்றிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள்.

கூட்டம் முடிந்து தாளை எடுக்கும்போதும் தேதி குறியுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை.

6. கூட்ட நாளில் தலை எண்ணுவது

அறிவிப்பு சரியாக இருந்தும் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் என்ற கணக்கு (கோரம்), வரவில்லை என்றால் எல்லாம் வீண். கிராம சபைக்கு மக்கள்தொகைப்படி: 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கூட்டம் தொடங்கும்போது எத்தனை பேர் என்று எண்ணித் தீர்மானப் புத்தகத்தின் முதல் வரியில் எழுதுங்கள்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் உண்டு. சொல்லித்தருபவர்களும் உண்டு. வேண்டாம். இன்றைக்கு ஊரில் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. கூட்டத்தின் வீடியோவில் நாற்பது தலை, பதிவேட்டில் இருநூறு கையெழுத்து என்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். கைரேகை வைப்பவர்களுக்கு எதிரே இன்னாருடையது என்று எழுதி, எழுதியவர் சுருக்கொப்பம் போட வேண்டும்.

மலைக்கு மட்டுமான ஒரு விஷயம். இங்கே மலையாளிப் பழங்குடியினர் வன உரிமைச் சட்டத்தின்படி மனு கொடுப்பார்கள். அதற்குக் கூடும் சபைக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் 2012இல் திருத்தப்பட்டபின், சபை உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உரிமை கோரியவர்கள் பற்றிய தீர்மானம் என்றால், கோரியவர்களில் அல்லது அவர்கள் சார்பாக வந்தவர்களில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஆகஸ்ட் 15 கூட்டத்தின் கடைசிப் பொருளாக 'வன உரிமை மனுக்கள் ஏற்பு' என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்தத் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்குப் போனதும், குறைவெண் போதவில்லை என்று திரும்பி வந்தால், நஷ்டம் நமக்கில்லை, மனு கொடுத்த குடும்பத்துக்கு. தனிக் கூட்டம், தனி அறிவிப்பு, தனிப் பதிவேடு. சபை முடிவில் திருப்தி இல்லாதவர் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மனு செய்யலாம் என்பதால், முடிவை அவருக்கு எழுத்தில் கொடுத்த தேதியும் முக்கியம். இதற்கு யாரையும் நோட்டரி கையெழுத்துக்குச் சேலம் அனுப்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரணம் ஒன்பதாவதில்.

7. டெண்டரும் ஏலமும்

இங்கே 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். நாளைக் குறைக்க வேண்டுமென்றால் டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலே இருப்பவர் காரணத்தை எழுதி ஒப்புதல் தர வேண்டும். 'அவசரம் கருதி' என்ற இரண்டு சொல் காரணம் ஆகாது. எதனால் அவசரம் என்று இருக்க வேண்டும்.

பத்திரிகை விளம்பரத்தை நீங்களே நாளிதழ் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட முடியாது. செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகப் போக வேண்டும். அவர்கள் எண் கொடுப்பார்கள், அது விளம்பரத்தின் கீழே வரும். இதற்கு ஆகும் நாளை உங்கள் கணக்கில் சேருங்கள். அறிவிப்பில் கடைசித் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு, விளம்பரம் ஐந்து நாள் கழித்து வந்தால் பதினைந்து பத்தாகிவிடும். நாளிதழின் முழுப் பக்கத்தையும் கோப்பில் வையுங்கள். கத்தரித்த துண்டில் தேதி இருக்காது.

கடை வாடகை, மரங்களின் பலன், சந்தைக் குத்தகை போன்ற ஏலங்களில் முன்வைப்புத் தொகை எவ்வளவு, எந்த மணி வரை கட்டலாம், ரொக்கமா வரைவோலையா, ஏலம் எடுத்தவர் மீதியை எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கட்டும். ஏலம் தொடங்கியபின் வாய்மொழியாகச் சொல்லும் எந்த நிபந்தனையும் சண்டையில் முடியும்.

8. ஒருவர் கையில் கொடுக்கும் நோட்டீஸ்

சார்பு செய்வது என்று அலுவலகத்தில் சொல்வோம். இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் அவர் கையெழுத்தும் தேதியும். வீட்டில் இல்லை என்றால் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, உறவு என்ன என்று எழுதி வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்றால் கோபப்படாதீர்கள். 'வாங்க மறுத்தார்' என்று மணியோடு எழுதி, இரண்டு சாட்சி முன்னால் கதவில் ஒட்டி, படம் எடுத்து, தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். பழைய படிவங்களில் 'பதிவுத் தபால் ஒப்புகையுடன்' என்று இருக்கும். 2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். அஞ்சலகத்தில் உறையைக் கொடுக்கும்போதே கைக்குச் சேர்ந்த சான்று வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

9. நோட்டரி: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

முதலில் வேண்டாம் என்பதைச் சொல்கிறேன்.

மலைக்கு வந்த புதிதில் ஓர் அம்மா வந்தார். எஸ்டேட் வேலை. பேத்தி பிறந்து ஐந்து மாதம், பிறப்பைப் பதியவில்லை. வழி கேட்டார். கிராமத்தில் பிறப்புப் பதிவு விஏஓ வேலை, நம்முடையதில்லை. அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி, "சேலம் போய் நோட்டரிகிட்ட அபிடவிட் வாங்கிட்டு வாங்கம்மா" என்றேன். போய்வந்தார். ஒரு நாள் கூலி, பஸ் காசு, தாள், டைப்பிங், வக்கீல் கட்டணம். பிறகுதான் தெரிந்தது: பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023இல் திருத்தியபோது, 30 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் வரும் தாமதப் பதிவுக்கு நோட்டரி பிரமாணப் பத்திரம் என்பதை எடுத்துவிட்டு, சுயசான்றொப்பமிட்ட, அதாவது அவரே கையெழுத்திட்டு உறுதி சொன்ன ஆவணம் என்று மாற்றிவிட்டார்கள். உரிய அதிகாரியின் எழுத்து அனுமதியும் தாமதக் கட்டணமும் வேண்டும், அவ்வளவுதான். ஓராண்டு தாண்டினால்தான் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அளவிலான உத்தரவு. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "பரவால்ல சாமி, இன்னொருத்தர அனுப்பாத" என்றார்.

எனவே யாரையும் நோட்டரிக்கு அனுப்பும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தச் சட்டம், எந்த விதி, எந்த அரசாணை கேட்கிறது? 'முன்னாடி கேட்டாங்க' என்பது விதி அல்ல. கேட்கவில்லை என்றால் சுயசான்றொப்பம் போதும், மூலத்தைப் பார்த்து ஒப்பிட்டு நகலில் எழுதிவிட்டு மூலத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வேண்டிய இடங்கள்: ஒப்பந்ததாரர் டெண்டர் நிபந்தனைப்படி தரும் உறுதிமொழி, ஒருவர் சார்பாக இன்னொருவர் கையெழுத்துப் போட வரும்போது காட்டும் அதிகார ஆவணம், தொலைந்த ஆவணத்தால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவேன் என்று தரும் ஈட்டுறுதி போன்றவை. இவற்றைக் கொண்டுவரும்போது நீங்கள் பார்க்க வேண்டியது முத்திரை அழகாக இருக்கிறதா என்பதை அல்ல.

வட்ட முத்திரையில் நோட்டரியின் பெயர், அவர் செயல்படும் பகுதி, நியமித்த அரசு ஆகியவை இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு விதிகளின்படி முத்திரை 5 சென்டிமீட்டர் விட்டம். பதிவு எண்ணையும் பாருங்கள். செயல்படுவதற்கான சான்றிதழ் 5 ஆண்டுக்கானது, பிறகு புதுப்பிக்க வேண்டும். முத்திரையில் முடியும் தேதி போட்டிருந்தால் ஆவணத் தேதியோடு ஒப்பிடுங்கள். நோட்டரி தன் பதிவேட்டில் எழுதிய வரிசை எண் தாளில் இருக்க வேண்டும். நோட்டரி வில்லை (நோட்டரி ஸ்டாம்ப்) ஒட்டியிருக்க வேண்டும். கையெழுத்துத் தேதி, முத்திரைத்தாள் வாங்கிய தேதிக்கு முன்னதாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தத் தவறு நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி வரும். எல்லாப் பக்கத்திலும் உறுதி கூறுபவரின் கையெழுத்து, நிரப்பாத கோடு எதுவும் இல்லாமல்.

'முத்திரைத்தாள் வாங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது, செல்லாது' என்று திருப்பி அனுப்பும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது தவறு. ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பதற்கான காலம். பழைய தாளைப் பயன்படுத்தத் தடையில்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில். தேதி முன்பின்னாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தாளின் மதிப்பு எவ்வளவு என்பதை வாங்கும் அன்று விற்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். 2024இல் முத்திரைக் கட்டணங்கள் உயர்ந்தபின் பழைய 20 ரூபாய்க் கணக்கை நம்பிப் போனால் இரண்டு நடை ஆகும்.

சேலத்தில் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தை ஒட்டி நோட்டரிகளும் டைப்பிங் கடைகளும் கிடைக்கும். காலையில் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்குள் போய்விடுவார்கள். மதியத்துக்கு மேல் போனால் காத்திருப்பு குறைவு. அசல் அடையாள அட்டை அவசியம். கையெழுத்துப் போடுபவர் நேரில் போக வேண்டும், மகனையோ தரகரையோ அனுப்பி வாங்கிய தாளுக்கு மதிப்பில்லை. போகும் முன் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். நோட்டரி தன் கட்டணப் பட்டியலைப் பார்வையில் வைக்க வேண்டும், கேட்டால் ரசீதும் தர வேண்டும். ரசீது கேட்கச் சொல்லி அனுப்புங்கள். கேட்பவரிடம் கூடுதலாக வாங்கக் கொஞ்சம் தயங்குவார்கள்.

நோட்டரி முத்திரை செய்யாத வேலைகளும் உண்டு. வீட்டுவரிப் பெயர் மாற்றத்துக்கு 'நோட்டரி பத்திரம்' என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள், உள்ளே பார்த்தால் வீட்டை விற்ற ஒப்பந்தம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. நோட்டரி கையெழுத்து சொத்தை மாற்றாது. மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்த வரி ரசீதை வைத்துக்கொண்டே அடுத்த விற்பனை நடக்கும், அப்புறம் நீங்கள் நீதிமன்றப் படியில் நிற்பீர்கள். கல்யாணம், விவாகரத்து என்று எழுதி நோட்டரி முத்திரை வைத்த தாளும் அப்படியே. நோட்டரிகள் அப்படிச் செய்யக் கூடாது என்று 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. ரேஷன் அட்டைக்கோ வேறு எதற்கோ திருமணச் சான்று என்று அதைக் காட்டினால், பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்.

ஒன்றை மறந்தேன். உங்களையே 'அட்டெஸ்ட்' செய்யச் சொல்வார்கள். தெரிந்த முகம், பாவமாக இருக்கும். நம் பதவிக்கு அந்த அதிகாரம் இல்லை. நம் அலுவலகப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகலுக்கு உரியவர் உண்மை நகல் என்று கையொப்பமிடலாம். ஊரார் கொண்டுவரும் பத்திரத்தின் நகலுக்கு நம் ரப்பர் ஸ்டாம்ப் படக்கூடாது.

10. கோப்பைக் கட்டுவது

ஒரு கூட்டத்துக்கு அல்லது ஏலத்துக்கு ஒரு கோப்பு. வரிசை இப்படி: கூட்டச் சொன்ன உத்தரவு, அறிவிப்பின் பிரதி, ஒட்டிய சான்றுகள், படங்கள், ஜீப் வவுச்சர், வருகைப் பதிவேட்டின் நகல், தீர்மானத்தின் நகல், மேலே அனுப்பிய தபாலின் ஒப்புகை. ஓரத்தில் பக்க எண் போடுங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கை வரும்போது முதலில் கேட்பது வவுச்சரை, இரண்டாவது தீர்மானத்தை. இரண்டும் ஒரே நூலில் இருந்தால் தணிக்கை அரை நாளில் முடியும்.

தீர்மானப் புத்தகத்தில் இடைவெளி விடாதீர்கள். ஒரு தீர்மானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு வரி காலியாக இருந்தால் யாராவது அதில் எதையாவது எழுதுவார்கள். எழுதாவிட்டாலும் எழுதினீர்கள் என்பார்கள். அடித்துத் திருத்தினால் சுருக்கொப்பம், வெள்ளை மை வேண்டவே வேண்டாம்.

மலைமேல் இருப்பவர்களுக்கு மட்டும்: பதிவேடுகளைச் சுவரை ஒட்டிய பீரோவில், அதிலும் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் சுவர் வேர்க்கும், தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு காலுக்கும் செங்கல் வைத்து, ஒவ்வொரு தட்டிலும் இரண்டு பாச்சை உருண்டை போட்டிருக்கிறேன். வெயில் அடிக்கும் முதல் நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திண்ணையில் விரித்துவைப்பேன். டீக்கடைக்காரர் "கிளார்க்கு வடகம் காயப் போட்டுட்டாரு" என்று சிரிப்பார்.